லயத்துக் காம்பராவில் வளர்ந்த குடும்பம்: மலையகத் தமிழர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பத்தடிக்குப் பன்னிரண்டடி. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவின் அளவு ஏறத்தாழ இவ்வளவுதான். முன்னால் திண்ணை போல ஒரு சிறு இடம். அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். ஒரு மூலையில் அடுப்பு. மேலே தகரக் கூரை. மழை வலுத்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. மழை ஓய்ந்தால் அடுத்த காம்பராவின் இருமல், சண்டை, குழந்தையின் அழுகை எல்லாமே கேட்கும். இந்த ஓர் அறைக்குள் ஒரு தம்பதி குடும்பம் தொடங்கி, பிள்ளைகள் பெற்று, மகனுக்குக் கல்யாணம் செய்து, வந்த மருமகளையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார்கள். புதுமணத் தம்பதிக்கு நடுவில் ஒரு சேலை திரையாகத் தொங்கும். தனிமை என்பது அந்தச் சேலையின் கனம்தான்.

மலையகத் தமிழர் எனப்படும் இந்தத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி வெளியில் புழங்கும் பேச்சு ஒன்று உண்டு. குடிப்பார்கள், சேர்த்துவைக்க மாட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. கொழும்பிலும் சொல்வார்கள், யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள், நீலகிரியிலும் சொல்வார்கள். அந்தப் பேச்சு பொய் என்பது என் கட்சி. அவர்களுடைய குணம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவர்கள் வாழ வைக்கப்பட்ட இடத்தின் ஏற்பாடு. இதற்குச் சான்று இருக்கிறது. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்திய அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், ஒரே தோட்டத்தில், சில வேளை ஒரே வயிற்றில் பிறந்தவர்களைப் பிரித்து வெவ்வேறு மண்ணில் கொண்டுபோய்ப் போட்டது. ஒரே விதை எந்த மண்ணில் எப்படி முளைத்தது என்று பார்க்க இதைவிடத் தெளிவான வாய்ப்பு அமைவது அரிது. இதைவிடக் கொடிய வாய்ப்பும்தான்.

பயிர் மாறியது, குடும்பம் மாறியது

தேயிலைக்கு முன்னால் அந்த மலைகளில் இருந்தது கோப்பி, அதாவது காப்பி. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டு மாத்தளை வரைக்கும் நடை. கொள்ளைநோயிலும் பசியிலும் அந்தப் பாதையிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தே போனார்கள்.

கோப்பிக்கு அறுவடைக்காலம் சில மாதங்கள்தான். ஆகவே போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். குடும்பம் ஊரில், சம்பாத்தியம் மலையில். 1869இல் கோப்பி இலைகளில் நோய் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே சரிந்தது. அதற்குச் சற்று முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு ஓய்வுக் காலம் கிடையாது. கிள்ளிய கொழுந்து வாரம் பத்து நாளில் மறுபடி துளிர்க்கும். வருடம் முழுவதும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணிகள் இப்போது ஆண்களைத் தனியாக அழைக்கவில்லை. மனைவி, பிள்ளைகள், சொந்தபந்தம் என்று குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள்.

வேலையாட்களை அடைத்துவைக்கும் கொட்டகை போன்ற லயம் இப்படித்தான் குடும்பம் நடத்தும் வீடாயிற்று. இந்தக் குடும்பத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது ஊர் வழக்கமோ மதமோ அல்ல. ஒரு செடி எத்தனை நாளுக்கு ஒருமுறை துளிர்க்கிறது என்பது. அழைத்து வந்த கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் தன் சொந்தத்திலும் ஆள் பிடித்தார்; அதனால் சாதியும் கூடவே வந்து லயங்களில் குடியேறியது. இன்ன லயம் இன்னாருக்கு என்று பிரிந்தது. அதற்கு மேல் சரிவில் கணக்கப்பிள்ளைக்கும் அலுவலகக்காரர்களுக்கும் வீடுகள், உச்சியில் தோட்ட மேலாளரான துரையின் பங்களா. தோட்டத்துப் பிள்ளை சமூக ஏணி என்றால் என்ன என்பதைப் பள்ளிக்குப் போகும் முன்பே மலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எல்லா வட்டங்களும் ஒரே வேலிக்குள்

குழந்தை வளர்ச்சியைப் பற்றி எழுதிய யூரி பிரான்ஃபென்பிரென்னர், 1979இல் வெளியிட்ட நூலில் ஒரு சித்திரம் தந்தார். குழந்தையைச் சுற்றி வீடு ஒரு வட்டம். பள்ளி, அயல், அவற்றுக்கிடையே உள்ள உறவுகள் அடுத்தது. குழந்தை ஒருபோதும் கால் வைக்காத தாய்தந்தையரின் வேலையிடம் அதற்கும் வெளியே. சட்டமும் வழக்கமும் எல்லாவற்றையும் சூழ்ந்து. சாதாரண ஊர்களில் இந்த வட்டங்கள் வெவ்வேறு கைகளில் இருக்கும். முதலாளி கெட்டவர் என்றால் வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம். வீடு சிறிதென்றால் பள்ளி பெரிதாக இருக்கலாம். ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கும்.

தோட்டத்தில் வேலை தருபவரே வீட்டுக்கும் உடைமைக்காரர். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா அவருடையது, மருந்துச்சாலை அவருடையது, பாதையும் அவருடையது. பள்ளிக்கூடமும் நெடுங்காலம் அவருடைய கணக்கில்தான் இருந்தது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அயல், பள்ளி, கோயில் திருவிழா எல்லாமே போகும். தாங்கிப்பிடிக்க இரண்டாவது கை இல்லாத வாழ்க்கை. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

ஒரு கொழுந்துப் பெண்ணின் நாளைப் பாருங்கள். இருட்டோடு எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓட வேண்டும். முன்பெல்லாம் தப்புப் பறை அடித்து எழுப்பிப் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவார்கள். ஒரு நாள் வேலைக்கு அங்கே 'பேர்' என்று சொல்வார்கள். குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். குழந்தைக்குப் பால் கொடுக்க வந்துபோகும் நேரம் கூடையில் எடையாகக் குறையும். மலை தூரமென்றால் வரவே முடியாது. பிள்ளைக் காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாறி, பல இடங்களில் உண்மையாகவே மேம்பட்டிருக்கின்றன. ஆனால் வெகுகாலம் அவை வேலை செய்ய முடியாமல் போன ஒரு வயதான பெண்ணும், கூரையில் தொங்கும் சேலைத் தொட்டில்களுமாகத்தான் இருந்தன.

2016ஆம் ஆண்டு நடந்த தேசிய குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர்; தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். உடனே 'தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவு போதாது' என்று வகுப்பெடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தாயே குட்டையாகப் பிறந்து, இரத்தச்சோகையோடு வளர்ந்து, கர்ப்பத்திலும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவள். பலருக்குப் பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். வயிற்றுப்போக்கு வந்து வந்து போகும் குழந்தைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. குறை அறிவில் இல்லை. அவள் ஒரு நாளில் எங்கே நிற்க வைக்கப்படுகிறாள் என்பதில் இருக்கிறது.

ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), புல் வெட்டு, மருந்தடிப்பு என்று ஆண்களுக்குக் குறித்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் பிற்பகலோடு முடிந்துவிடும். பெண்கள் மாலை வரை கொழுந்து எடுப்பார்கள். விவசாயியாக இருந்தால் அந்த அரை நாளில் தன் வயலைப் பார்ப்பான். இவனுக்கோ நிலம் கிடையாது. லயத்துக்கு முன்னால் ஒரு சிறு பாத்தி இருந்தால் உண்டு. வீடு தன்னுடையதல்ல; பழுதுபார்க்கவும் உரிமையில்லை. மனைவி அவனைவிட அதிக நேரம் உழைத்தும் 1984 வரை அவளுக்குச் சட்டப்படியே கூலி குறைவு. அந்த ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே சமக் கூலி வந்தது. கையில் அரை நாள் பொழுது, செய்ய ஒன்றுமில்லை, தோட்டத்து எல்லையில் சாராயக் கடை. இந்த ஏற்பாட்டில் குடி வளர்ந்ததை ஒரு இனத்தின் குணமாக எழுதுவது அநியாயம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கையை இதனால் நான் மன்னிக்கவில்லை. அந்த வலியைத் தாங்கியவள் மன்னிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சாராயக் கடைக்கு உரிமம் கொடுத்த கையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சட்டம் அடுப்படிக்குள் வந்த விதம்

1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பிரஜைகள் அல்லாதவர்கள் ஆக்கியது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்றது. தகப்பன் லயத்தில் பிறந்தபோது யார் எழுதிவைத்தார்கள்? வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோனது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

எண்கள் மேசையில் பிரிந்தன. குடும்பங்கள் கோச்சி (ரயில்) நிலையத்தில் பிரிந்தன. விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில். கல்யாணமாகித் தனியானவர் தனி விண்ணப்பம். எனவே தாய் தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மூத்த மகனுக்கு இலங்கைக் குடியுரிமை, மருமகள் வீட்டாருக்கு வேறொன்று என்று வந்து விழுந்தது. தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒருவர் செத்தால் பாடும் பாட்டை உயிரோடிருப்பவர்களை வழியனுப்பப் பாடினார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றதோடு இந்த ஏற்றுமதியும் நின்றது. மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடித்துவைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 1946 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் இருந்தவர்கள், 2012இல் நூற்றுக்கு நான்கு.

ஒரு பிள்ளை பதினெட்டு வயதுக்குள் தன்னைப் பற்றி ஒரு கதை கட்டிக்கொள்ள வேண்டும்: நான் யார், எந்த ஊர், நாளை எங்கே இருப்பேன். மனப் பக்குவம் என்பதில் பாதி அந்தக் கதை. இங்கே இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கதையின் கடைசி வரி தெரியாமலே வளர்ந்தார்கள். எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்றிருக்கும் வீட்டில் எவன் மரம் நடுவான், எவன் பத்தாம் வகுப்பைக் குறிவைப்பான்? சேர்த்துவைக்கவில்லை என்று குறைசொல்பவர்கள், சேர்த்துவைக்க நாளை என்று ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பிரிந்தவர்கள் வளர்ந்த விதம்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் ஒரு பெரும் பகுதி நீலகிரிக்குப் போயிற்று. தாயகம் திரும்புவோருக்கு வேலை தரவென்றே 1968இல் தமிழக அரசு கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில் தேயிலை பயிரிட்டது. அதுவே பின்னர் டேன்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அதே செடி, அதே குளிர், ஏறத்தாழ அதே மாதிரியான வீடு. ஆனால் இரண்டு வட்டங்கள் மாறியிருந்தன. கையில் வாக்குரிமை இருந்தது. வேலிக்கு வெளியே பிள்ளைகள் போகக்கூடிய தமிழ்ப் பள்ளியும் பஸ்ஸும் இருந்தன. அப்பா கொழுந்து எடை போட்ட இடத்திலிருந்து பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப்போனார்கள். குடும்பம் மலைக்கும் சமவெளிக்கும் இடையே நீண்டது.

மாறாதது வேறு. இங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். முழு இந்தியக் குடிமக்களான அவர்களை அகதிகள் என்று நினைத்துக் கொள்பவர்கள் இன்றும் உண்டு. சாதிச் சான்றிதழ் கேட்டால் பூர்விக ஊரின் ஆவணம் கேட்பார்கள். நூறு வருடத்துக்கு முன் கங்காணியோடு கிளம்பியவர் எந்த ஆவணத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்? படகர், தோடர், கோத்தர், பணியர் என்று ஒவ்வொருவருக்கும் தம் மலையில் பழைய இடம் உண்டு. இவர்கள் நேற்று வந்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற லயத்து அச்சமும் கடல் தாண்டிக் கூடவே வந்துவிட்டது.

வேறு சிலர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பிள்ளைகள் கன்னட வழியில் படித்தார்கள். வீட்டில் பாட்டியோடு மலையகத் தமிழ், பள்ளியில் கன்னடம், கடைத்தெருவில் துளு. பாட்டிக்கு வந்த கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாத வீடுகள் உருவாயின. இலங்கையிலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் இதற்கு இணையானது நடந்தது: பக்கத்தில் உயர்தரம் வரை தமிழ்ப் பள்ளி இல்லாததால் பிள்ளைகள் சிங்கள வழிக்குப் போனார்கள், பக்கத்துக் கிராமங்களோடு நட்பும் கல்யாணமும் கலந்தன. இதை இழப்பு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மொழியிலும் சண்டை போடவும் சமாதானம் பேசவும் தெரிந்த பிள்ளை ஏழையல்ல. ஆனால் பாட்டியின் ஒப்பாரியை இழக்கும்படி அதைக் கட்டாயப்படுத்தியது, அருகில் ஒரு பள்ளி இல்லாத குறை.

மூன்றாவது வழி இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கிறது. தலைமுறைகளாகப் பாத்தி நிலம்கூட இல்லாதிருந்தவர்கள், சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியவர்கள், ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் கிணறு வெட்டினார்கள், கச்சான் (நிலக்கடலை) போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். பிற்பகல் சும்மா இருந்த ஆண்களின் பிள்ளைகள்தான் இவர்கள். ஆனாலும் காணிக்குப் பத்திரம் பலருக்குக் கிடைக்கவில்லை. உள்ளூரில் அவர்களுக்கு இடம் கடைசியில்தான். பின்பு போர் வந்தது. அடிக்கடி இடம்பெயர்ந்து, 2009இன் முடிவு வரை அந்தப் போரின் நடுவில் அகப்பட்டவர்களில் இவர்கள் ஏராளம். கணவனை இழந்த பெண்கள் அந்தக் காணிகளில் தனியாக நின்று குடும்பத்தை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள்.

தோட்டத்திலேயே தங்கியவர்களும் அப்படியே நின்றுவிடவில்லை. 1970களில் அரசு தோட்டப் பள்ளிகளை ஏற்கத் தொடங்கியதும், பின்னர் அந்தப் பள்ளிகளில் படித்த இளைஞர்களையே ஆசிரியர்களாக நியமித்ததும், நான் பார்க்கும் வரையில், எந்த விழிப்புணர்வு முகாமையும்விடப் பெரிய காரியம். லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து காலையில் கூடை எடுக்காமல் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டு ஒரு பெண் பள்ளிக்குப் போகிறாள் என்றால், அந்த வரிசையில் உள்ள பதினைந்து இருபது வீட்டுப் பிள்ளைகளும் அதைத் தினமும் பார்க்கிறார்கள். இன்று அந்தத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதே காலத்தில் தாய்மார் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பாட்டியின் கையில் வளர்ந்தன. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போகக் கூடாது என்றது. அவள் போகாமலிருக்கும்படி உள்ளூரில் கூலி உயர்த்துவதற்கோ அவசரம் காணப்படவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் நெடிய போராட்டத்துக்குப் பின்.

இனி என்ன கேட்க வேண்டும்

இந்தக் குடும்பங்களோடு வேலை செய்யும் ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர்களிடம் நான் சொல்வது: பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று தாயைக் கேட்கும் முன், அவள் இன்று எந்த மலையில் நிற்கிறாள், எத்தனை கிலோவுக்கு முழுப் பேர், வீடு யார் பேரில் என்று கேளுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: கடிதம் எங்கே வருகிறது?

லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாரேனும் கொடுத்தால் கிடைக்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதமும், கல்லூரியில் இடம் கிடைத்த கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் சகஜம்.

2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்தது. இந்திய உதவியோடும் அரசாலும் ஏழு பேர்ச்சஸ் (இலங்கை நில அளவு) காணியில் 550 சதுர அடி வீடுகள் சில ஆயிரம் எழும்பியிருக்கின்றன. அங்கே இரண்டு படுக்கையறை உண்டு. சேலைத் திரை தேவையில்லை. சுற்றிலும் இடம் இருப்பதால் போஞ்சியும் (பீன்ஸ்) கோவாவும் (முட்டைக்கோஸ்) போட்டிருக்கிறார்கள். பிள்ளை படிக்க ஒரு மேசை ஜன்னலோரம் கிடக்கிறது. வெளிக்கதவு இருக்கிறது. பல வீடுகளுக்குக் காணி உறுதி (நிலப் பத்திரம்) இன்னும் வந்து சேரவில்லை.